கண்காணிப்பாளர் இல்லாத தேர்வறை

ஒரு கல்லூரி தொடங்க என்ன வேண்டும் என்று கேட்டால் நிலம், கட்டடம், பணம், அரசு அனுமதி என்று உடனே விரல்விட்டு எண்ணிவிடுவோம். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் பேட்ரிக் அவுவா அஷேசி பல்கலைக்கழகத்தை உருவாக்கிய விதத்தைப் பார்த்தால், இவற்றில் பலவும் பிற்பாடு வந்தவை. சொந்த வளாகத்துக்குக் குடிபோனதே கல்லூரி தொடங்கி 9 ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் பல அணி மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். நாட்டை நடத்தப்போகிறவர்களை உருவாக்கும் கல்விக்கூடத்தை எதில் தொடங்கி எதில் முடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. அது நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அவுவா 1965-இல் அக்ராவில் பிறந்தவர். கானா விடுதலை பெற்று அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டே நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் நக்ருமாவின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. 1972, 1979, 1981 என்று ஆட்சிக் கவிழ்ப்புகள் தொடர்ந்தன. அந்தக் காலத்தில் வளர்ந்த பையன் 1985-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குப் போனார். பொறியியலும் பொருளாதாரமும் படித்தார். பிறகு மைக்ரோசாஃப்டில் வேலை. தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியை வலைப்பின்னலோடு சேர்க்கும் மென்பொருளில் அவருடைய பங்கு உண்டு. கை நிறையச் சம்பளம், நிம்மதியான வாழ்க்கை. தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு மகன் பிறந்தான். சோமாலியாவிலிருந்தும் ருவாண்டாவிலிருந்தும் வந்த போர், படுகொலைச் செய்திகள் அதன் பிறகு அவருக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கின. தன் பிள்ளை நாளை உலகத்தில் எப்படி மதிக்கப்படுவான் என்பது ஆப்பிரிக்கா எப்படி இருக்கிறது என்பதோடு பின்னியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

முதலில் தோன்றியது கானாவில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கும் யோசனை. ஆனால் நிறுவனம் வைத்தால் அதில் உட்கார்ந்து புதிதாக யோசித்து வேலை செய்ய ஆட்கள் எங்கே? யோசனை அந்த இடத்தில் திரும்பிக்கொண்டது. நாட்டின் சிக்கல்களுக்கு வேர் எது என்று பலரிடம் பேசிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் மறுபடி மறுபடி வந்து நின்றன: ஊழல், வலுவற்ற நிறுவனங்கள், அவற்றை நடத்துகிறவர்கள். மூன்றையும் தொட்டுப் பார்த்தால் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. அப்படியானால் அந்தத் தலைவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், அவர்களை யார் படிக்க வைத்தார்கள், என்ன படிக்க வைத்தார்கள்? கானாவில் கல்லூரி வயதில் இருப்பவர்களில் 5 சதவீதம் பேர்தான் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று 2007-இல் அவர் டெட் (TED) உரை மேடையில் சொன்னார். நாளை அமைச்சராக, நீதிபதியாக, மருத்துவமனை நிர்வாகியாக வரப்போகிறவர்கள் பெரும்பாலும் அந்த 5 சதவீதத்துக்குள்ளேயே இருப்பார்கள். ஒரு கல்லூரியால் முழு நாட்டையும் தொட முடியாது, ஆனால் அந்தச் சின்ன வட்டத்தைத் தொட முடியும். அஷேசியின் கணக்கு இதுதான். கேள்வியைச் சரியாக வைத்ததே முதல் படி என்பேன். இங்கே தவறியிருந்தால் இன்னொரு தனியார் கல்லூரி உருவாகியிருக்கும், அவ்வளவுதான்.

1997-இல் அவர் மைக்ரோசாஃப்டை விட்டார். நேராக அக்ராவுக்குப் போய் அடிக்கல் நாட்டவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹாஸ் வணிகப் பள்ளியில் சேர்ந்து எம்.பி.ஏ. படித்தார். கல்லூரி நடத்துவதற்கும் கணக்கு வழக்கு, சந்தை, ஆள் நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் படிப்பின் ஒரு பகுதியாகவே மாணவர் குழு ஒன்று கானாவுக்குப் போய், இப்படி ஒரு கல்லூரி அங்கே நடக்குமா என்று நேரில் ஆராய்ந்து வந்தது. கானாவின் வகுப்பறைகளில் பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதே வழக்கமாக இருப்பதும், பட்டம் பெற்று வருபவர்கள் சொந்தமாக யோசிக்கத் தடுமாறுவதும் தெரியவந்தன. உடன் படித்த நினா மரினியும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்.

ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. மனத்தில் தீ இருக்கும்போது உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரிக்க யாருக்குத் தோன்றும்? இந்தப் பொறுமை அவுவாவிடம் இருந்தது பெரிய விஷயம்.

அடுத்தது பாடத்திட்டம். வணிக நிர்வாகம், கணினி அறிவியல் என்று வேலை கிடைக்கும் படிப்புகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் மாணவர் தத்துவம், எழுத்து, சமூக அறிவியல், ஆப்பிரிக்க ஆய்வு எல்லாவற்றிலும் பொதுவான ஒரு பகுதியைப் படித்தாக வேண்டும். ஸ்வார்த்மோர், பெர்க்லி, வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பேராசிரியர்கள் இதற்கு ஆலோசனை தந்தார்கள். கணினி படிக்க வந்தவனுக்குத் தத்துவம் எதற்கு என்று பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பணம் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதிகாரத்தில் உட்காரப்போகிற ஒருவர், சரி எது தவறு எது என்று தானே வாதாடிப் பார்த்த பழக்கம் இல்லாமல் அங்கே போய் உட்காரக் கூடாது என்பதுதான் இதற்கான பதில். ஸ்வார்த்மோரில் தனக்குக் கிடைத்தது அதுவே என்று அவுவா உறுதியாக நம்பினார்.

பணம் திரட்ட 1999-இல் சியாட்டிலில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அவுவா தன் சேமிப்பையும் இதில் போட்டார். அடுத்த ஆண்டே டாட்-காம் குமிழி உடையத் தொடங்கியது. மென்பொருள் துறையில் சம்பாதித்தவர்களிடம் நன்கொடை கேட்பதற்கு அதைவிட மோசமான நேரம் அமைந்திருக்காது. வளாகத்துக்காகக் காத்திருந்தால் கல்லூரி வெறும் காகிதத் திட்டமாகவே நின்றிருக்கும்.

எனவே வாடகை வீடு. அக்ராவின் லபோன் பகுதியில் ஒரு வீட்டை எடுத்து, 2002-இல் 30 மாணவர்களோடு வகுப்புகளைத் தொடங்கினார்கள். முப்பதே பேர்! ஒரு நாட்டின் தலைமையை மாற்றப்போகிறோம் என்று புறப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு சிறிய தொடக்கம் என்று தோன்றலாம். எனக்கு இந்தச் சிறுமையில்தான் நம்பிக்கை. முப்பது பேர் என்றால் ஆசிரியருக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். யார் பேசுவதில்லை, யார் அடுத்தவர் வேலையைத் தன் வேலையாகக் காட்டுகிறார் என்று தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம்தான் பிறகு ஆயிரம் பேருக்கும் தாங்கும்.

கானாவின் விதிப்படி புதிய தனியார் கல்லூரி உடனே தன் பெயரில் பட்டம் தர முடியாது. ஏற்கெனவே நிலைபெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் வழிகாட்டுதலில் பல்கலைக்கழகக் கல்லூரியாக நடந்து, தகுதியைக் காட்டிய பிறகுதான் தனிச் சாசனம் கிடைக்கும். அஷேசிக்கு அந்தச் சாசனம் 2018-இல் கிடைத்தது. நிதியில் அவர்கள் வைத்துக்கொண்ட நெறி எளிமையானது. கல்லூரியின் அன்றாடச் செலவைக் கட்டணம் தாங்க வேண்டும். கட்டடத்துக்கும் உதவித்தொகைக்கும் நன்கொடை. நன்கொடையாளர் ஓர் ஆண்டு கையை விரித்தாலும் வகுப்பு நிற்காது.

வகுப்பறைக்குள் வருவோம். தலைமைப் பண்பு என்பதை ஒரு பாடப்புத்தகமாக அச்சடித்து விநியோகித்தால் மாணவர்கள் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அஷேசியில் அது தொடர் கருத்தரங்குகளாக நடக்கிறது. நல்ல தலைவர் யார் என்ற கேள்வியில் தொடங்கி, உரிமை, அறம், சட்டத்தின் ஆட்சி என்று விரிந்து, கடைசியில் சேவையில் வந்து முடிகிறது. வகுப்பில் வாதாடியவர் ஒரு பள்ளியிலோ சமூக நிறுவனத்திலோ போய் வேலை செய்தாக வேண்டும். முதல் ஆண்டு மாணவர்களுக்கு வடிவமைப்பும் தொழில்முனைவும் சேர்ந்த பாடம் ஒன்று உண்டு. பின்னாளில் அறிமுகமான இந்தப் பாடத்தில் குழுவாகச் சேர்ந்து, ஊரில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, அதற்கொரு தீர்வைச் சிறு தொழிலாக நடத்திப் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதில் குழுவுக்குள் சண்டை போட்டு, கணக்கில் இடித்து, வாடிக்கையாளர் முகம் திருப்புவதைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மாணவருக்கு நிர்வாகவியல் புத்தகம் புரியும்.

இத்தனையும் நல்ல கல்லூரிகள் பலவற்றில் ஓரளவுக்கு இருக்கலாம். அஷேசியை அஷேசி ஆக்கியது 2008-இல் வந்த நேர்மை நெறி. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

நிர்வாகம் ஒரு சட்டம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டி இதைக் கொண்டுவரவில்லை. மாணவர்களுக்குள் வாதம் நடந்தது. குறையே இல்லாத சமூகம் என்று ஒன்று சாத்தியமா, சாத்தியமில்லாததை நோக்கிப் போவதில் என்ன பயன் என்றெல்லாம் மின்னஞ்சலில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அவுவா தான்சானியாவின் அருஷாவில் நடந்த 2007 டெட் நிகழ்ச்சியில் பெருமையோடு சொன்னார். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் வகுப்பு தானே இதைப் பேசி, தானே வாக்களித்து ஏற்க வேண்டும். ஏற்கும் வரை அந்த வகுப்புக்கு வழக்கம்போலக் கண்காணிப்பாளர் உண்டு. அண்ணன்மார் ஏற்றுக்கொண்டது தம்பிகளைக் கட்டாது.

ஏற்றபின் தேர்வு நடக்கும் முறை இது. ஆசிரியர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். வரிசைகளுக்கு நடுவே யாரும் உலாத்த மாட்டார்கள். வினாத்தாள் கடினமாக இருக்கிறது. பக்கத்து மேசையில் விடை எழுதிய தாள் கண்ணில் படும் தூரத்தில் கிடக்கிறது. திரும்பிப் பார்ப்பதும் பார்க்காததும் அந்த மாணவரின் கையில். இதற்கு மேல் இன்னொரு கடமையும் இருக்கிறது: வேறொருவர் பிட் வைத்து எழுதுவதைப் பார்த்தால் பேசாமல் இருக்கக் கூடாது, சொல்ல வேண்டும். புகார் வந்தால் விசாரிக்கும் குழுவில் மாணவர்களும் உட்காருவார்கள். தன்னளவில் நேர்மையாக இருப்பது ஒப்பிட்டால் எளிது. உடன் சாப்பிடும் நண்பனைப் பற்றி எழுந்து சொல்வதுதான் கடினம். ஒரு அமைச்சகத்தில் ஊழல் நீடிப்பதற்குத் திருடுகிறவரைவிட, பார்த்தும் பேசாமல் இருக்கும் இருபது பேர் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த இருபது பேரில் ஒருவராக இருக்க மாட்டேன் என்று இருபது வயதில் முடிவெடுக்க இந்தத் தேர்வறை ஒரு வாய்ப்புத் தருகிறது. தவறினால் இழப்பு ஒரு தேர்வோடு போய்விடும். நாற்பது வயதில், கையில் கஜானா சாவி இருக்கும்போது முதல் முறையாக இந்தச் சோதனை வந்தால் இழப்பு நாட்டுக்கு.

நாட்டின் கல்லூரி அங்கீகார வாரியத்துக்கு இது பிடிக்கவில்லை. கண்காணிப்பு இல்லாமல் தேர்வு நடத்தினால் மாணவர்கள் காப்பியடிப்பார்கள், நிறுத்துங்கள் என்றது. தேர்வின் நம்பகத்தன்மையைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் கவலைப்படுவதில் அதிசயம் இல்லை. அஷேசி எதிர்த்துக் கூச்சல் போடவில்லை. தங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்லி வாதாடியது. மாணவர்களும் தங்கள் நெறிக்காக நின்றார்கள். கடைசியில் வாரியம் விட்டுக்கொடுத்தது. பிறர் தங்களை நம்பவில்லை என்று கேட்ட இளைஞர்கள் அந்த நம்பிக்கைக்காகப் பேசிய அந்த நாட்களை, அவர்கள் படித்த எந்தக் கருத்தரங்குக்கும் மேலான பாடமாகக் கருதுகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வளாகம். அக்ராவுக்கு வடக்கே, பெரெகுசோ என்ற ஊரின் மலைமேல் 100 ஏக்கர். 2011-இல் குடிபோனார்கள். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் தலைநகரம் தெரியும். திறந்த முற்றங்களைச் சுற்றி வகுப்பறைகள், நடந்து போகும்போதே பேச்சுத் தொடரும்படி. சிறிய ஊர் ஒன்றின் தலைமேல் பல்கலைக்கழகம் வந்து உட்கார்ந்தால் நிலவிலை ஏறும், அந்நியர் வருவார்கள், உரசலும் வரலாம். ஊராரோடு பேசி வைத்துக்கொள்வது அதனால் கட்டுமான வேலையின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. மாணவர்களின் சேவைப் பணிகளில் பலவும் பெரெகுசோவின் பள்ளிக்கூடங்களிலேயே நடக்கின்றன.

2015-இல் பொறியியல் வந்தது. இயந்திரம், மின்னியல், கணினி மூன்றும். மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்காக மாஸ்டர்கார்ட் அறக்கட்டளை போன்றவற்றின் உதவித்தொகை உண்டு. இது தருமக் கணக்கு மட்டும் அல்ல. வசதியானவர்களின் பிள்ளைகளை மட்டும் சேர்த்து அறம் போதித்தால், வாழ்நாளில் ஒரு முறையும் ரேஷன் வரிசையில் நிற்காதவர்களே கொள்கை வகுப்பார்கள். சிற்றூரிலிருந்து வந்தவரும் அமைச்சர் வீட்டுப் பிள்ளையும் ஒரே குழுவில் தொழில் நடத்தித் தோற்க வேண்டும். மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். பட்டதாரிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலேயே வேலை செய்கிறார்கள்.

அவுவாவுக்கு 2015-இல் மெக்கார்தர் நல்கையும் 2017-இல் கல்விக்கான வைஸ் பரிசும் கிடைத்தன. அதன் பிறகும் அஷேசியைப் பத்து ஊர்களில் கிளை திறக்கும் நிறுவனமாக அவர் மாற்றவில்லை. ஒரு கல்லூரி எவ்வளவு வளர்ந்தாலும் கண்டம் முழுவதற்கும் போதாது. அதனால் மற்ற ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் பெரெகுசோவுக்கு அழைத்து, பாடத்திட்டம், மாணவர் நேர்மை, பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு பற்றிச் சேர்ந்து பேசும் கூட்டமைப்பு ஒன்றை அஷேசி நடத்துகிறது. வருகிறவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு எது பொருந்துமோ அதை எடுத்துப்போகிறார்கள். அங்கே பெரிய வகுப்புகள் இருக்கும், நிதி குறைவாக இருக்கும், அரசின் தலையீடு இருக்கும். முப்பது பேரோடு வாடகை வீட்டில் தொடங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. தேர்வறையிலிருந்து கண்காணிப்பாளரை வெளியே அனுப்புவது அங்கெல்லாம் எளிதாக நடக்காது. ஆனால் முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்து, நீங்கள் எப்படி நடந்துகொள்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர்களையே வாக்களிக்கச் சொல்வதற்குச் செலவு எதுவும் கிடையாது.