கடையை மூடுவதும் ஒரு கடமையே

கடை திறக்கும் நாளில் ஊரே கூடுகிறது. வாழைமரம் கட்டுகிறோம், அழைப்பிதழ் அச்சிடுகிறோம், பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார், கைராசிக்காரர் என்று பெயர் பெற்ற உறவினர் ஒருவர் முதல் விற்பனையைத் தொடங்கி வைக்கிறார். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே கடையை மூடும் நாளிலோ எவரும் வருவதில்லை. "வியாபாரம் நொடித்துவிட்டதோ?" என ஊரார் ஐயுறுவர் என்று அஞ்சி, பலர் ஓசையின்றிக் கதவை இழுத்துப் பூட்டிவிடுகின்றனர்.

இன்னும் பலர் மூடவே துணிவதில்லை. கண் மங்கிய பின்னும், முழங்கால் மறுத்த பின்னும் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திருக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. பிறகு ஒரு நாள் நோய் வந்து அவர்களை எழுப்பிவிடுகிறது. கணக்கு அறியாத மனைவி, அயலூரில் வேலைபார்க்கும் மக்கள், சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரி, சம்பளத்தை எதிர்நோக்கும் வேலையாட்கள் அனைவரும் அப்போது ஒரே வேளையில் திகைத்து நிற்கின்றனர்.

நொடித்துப் போவது வேறு, நிறைவு செய்வது வேறு. நம்மை நம்பியவர் எவரும் நட்டப்படாதவாறு ஒரு தொழிலை முடித்து வைப்பது, அதனைத் தொடங்கி நடத்தியதற்கு ஒப்பான அறச்செயலாகும். நம் பங்குக் குடும்பங்களில் மளிகைக்கடை, ஜவுளிக்கடை, அச்சகம், மருந்துக்கடை என நடத்தி முதுமை எய்திய பெரியவர்கள் பலர் உள்ளனர். அவர்களும் அவர்தம் மக்களும் சேர்ந்து எண்ண வேண்டிய சிலவற்றை ஈண்டுக் கூறுவோம்.

விற்க முடியாத சொத்து

பெங்களூரில் மியூசியம் சாலையை ஒட்டி 'பிரிமியர்' என்றொரு சிறு புத்தகக் கடை இருந்தது. தம் உறவினரின் புத்தகக் கடையில் தொழில் பயின்ற திரு. டி. எஸ். ஷான்பாக் 1971-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினார். நூல்கள் தரையினின்று கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். இருவர் எதிரெதிரே நடக்க இடமிராது. எனினும் எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பது அவர் நினைவில் இருந்தது. 2009-இல் அவர் கடையை மூடியபோது நூல் விரும்பிகள் பலர் வருந்தினர். 2021-இல் அவர் மறைந்தபோது, கடை மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த பின்னரும், செய்தித்தாள்கள் அவரை நன்றியோடு நினைவு கூர்ந்தன.

எந்தக் கடையிலும் சரக்கை விற்கலாம், அலமாரியை விற்கலாம், தராசையும் விற்கலாம். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருவர் உள்ளத்தில் சேர்ந்த அறிவையும், அவர் ஈட்டிய நம்பிக்கையையும் எடைபோட்டு விற்க இயலாது. ஆதலின் அந்த அறிவைக் கைமாற்றித் தருவதே முதற்பணி. சொன்ன நாளில் சரக்கு அனுப்பும் வியாபாரி யார், தவணை தவறாத வாடிக்கையாளர் யார், எந்த மாதத்தில் எது விலைபோகும் என்பனவற்றை எல்லாம் ஓர் ஏட்டில் எழுதி வைப்பது நன்று. கடையை எடுத்து நடத்துபவர் மகனாயினும் மருமகளாயினும், நெடுநாள் உழைத்த கடைப்பையனே ஆயினும், அவர்க்கு அந்த ஏடு பெருந்துணையாகும்.

மக்கள் எவரும் தொழிலை ஏற்க விரும்பாதபோது தந்தையர் மனம் நோகின்றனர். ஆயினும் அந்தக் கடையின் வருவாயில் படித்ததால்தான் மகள் செவிலியானாள், மகன் பொறியாளனானான். கடை தன் வேலையைச் செவ்வனே செய்து முடித்துவிட்டது என்பதற்கு அவர்களே சான்று அன்றோ?

முதலில் வேலையாட்கள்

மூடுவதென்று முடிவு செய்த பின் அச்செய்தியை முதலில் அறிய வேண்டியவர்கள் வேலையாட்கள். சந்தைப் பேச்சாக அவர்கள் அதைக் கேள்விப்படும்படி விடலாகாது. வேறு வேலை தேட ஆறு மாத அவகாசமேனும் தருவது மனிதநேயம்.

அடுத்தது பணிக்கொடை. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகளுக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம் ஓர் அளவை வகுத்தது; 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதனையே ஏற்றுள்ளது. ஐந்தாண்டு பணி முடித்தவர்க்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்பது அவ்வளவு. மாதத்திற்கு 26 நாள் எனக் கொண்டு கணக்கிட வேண்டும். சான்றாக, இறுதியில் மாதம் 13,000 ரூபாய் ஊதியம் பெற்றவருக்கு நாள் ஊதியம் 500 ரூபாய். ஆண்டொன்றுக்கு 7,500 ரூபாய். இருபது ஆண்டு உழைத்தவருக்கு 1,50,000 ரூபாய்.

"என் கடையில் மூவர்தானே வேலை செய்கின்றனர், பணிக்கொடைச் சட்டம் என்னைக் கட்டாதே" என்று சிலர் கூறலாம். சட்டம் கட்டாத இடத்தில் மனச்சான்று கட்டுகிறது. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். கடையின் பொழுது சாயும் இவ்வேளையில் அச்சட்டத்தை மறக்கலாமா? அதே அளவு முழுவதையும் தர இயலாதவர் இயன்ற அளவை முன்னதாகவே ஒதுக்கி வைக்கலாம். அதற்காகவே, மூடுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே திட்டமிட வேண்டும் என்கிறோம்.

பற்றுப் புத்தகம்

நம் ஊர்களில் கடன் கொடாமல் கடை நடத்தியவர் அரியர். பற்றுப் புத்தகத்தைத் திறந்தால் கொடுக்கக் கூடியவர், மெல்ல மெல்லக் கொடுப்பவர், கொடுக்கவே வழியற்றவர் என மூவகையினரும் அதில் இருப்பர். விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடுக்க 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்றாண்டே தருகிறது. ஆதலின் பழைய ஏட்டைச் சுமந்து திரிவதில் பயனில்லை. முதல் இரு வகையினரையும் நேரில் கண்டு, தவணை பேசி, எழுதிக் கையொப்பம் வாங்குக. மூன்றாம் வகையினரின் பெயரைக் கோடிட்டு அடித்துவிடுக. அவர்களிடமும், "கணக்குத் தீர்ந்தது" என ஒரு சொல் கூறிவிடுங்கள். கடனுக்கு அஞ்சி உங்களைக் கண்டு தெருவைக் கடந்து ஒதுங்கிய ஒருவர், அதன் பின் கோயில் வாசலில் உங்களை நேருக்கு நேர் பார்ப்பார்.

நாம் கொடுக்க வேண்டியதும் உண்டு. மொத்த வியாபாரிக்கு நிலுவை, சீட்டுப் பணம், கைமாற்று இவை அனைத்தும் தீர்ந்த பின்னரே மீந்தது நம்முடையது. கட்டட உரிமையாளரிடம் கொடுத்த முன்பணத்தைப் பற்றி எழுத்தில் பேசி முடிப்பதும் நலம்.

அரசுக்கு அறிவித்தல்

கதவைப் பூட்டியதோடு கடை மூடப்பட்டதாகாது. சரக்கு சேவை வரிப் பதிவு பெற்றவர்கள் தொழிலை நிறுத்திய 30 நாட்களுக்குள் பதிவை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். நீக்க ஆணை வந்த பின் மூன்று மாதங்களுக்குள் இறுதிக் கணக்கை அளித்தல் வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு முன்பு பெற்ற வரிக்கழிவைத் திருப்பிச் செலுத்த நேரிடலாம். ஆதலின் சரக்கை முன்கூட்டியே குறைத்துக்கொள்வது அறிவுடைமை. கணக்கேடுகளையும் கடையோடு சேர்த்துக் கழித்துவிடலாகாது. அந்தந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்குரிய இறுதி நாளிலிருந்து 72 மாதங்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். உணவுப்பொருள் உரிமம், உள்ளாட்சி உரிமம், மின் இணைப்பு, வங்கியின் நடப்புக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே முடித்துச் சான்று பெறுக.

கையிலுள்ள பணம்

அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. கடைக்காரருக்குக் கடையே ஓய்வூதியம். வணிகர்க்கென 2019-இல் நடுவண் அரசு வகுத்த ஓய்வூதியத் திட்டம் 18 முதல் 40 வயதினர் சேர்வதற்கானது. அது மகனுக்கு உதவலாம், தந்தைக்கு உதவாது. அறுபது கடந்தவர்கள் அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 இலட்சம் ரூபாய் வரை இடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும்.

கடை விற்ற பணம் கையிலிருக்கிறது என்ற செய்தி காற்றைவிட விரைந்து பரவும். உறவினர் கைமாற்றுக் கேட்பர். அதிக வட்டி தருவதாக அயலார் ஆசை காட்டுவர். முதல் ஆறு மாதம் எவருக்கும் வாக்குக் கொடாதிருத்தல் நலம். மேலும், கடைக்குப் பின்னறையில் பொட்டலம் கட்டியும், சில்லறை எண்ணியும், பண்டிகை நாளில் உணவின்றி உழைத்தும் கடையைக் காத்தவர் இல்லத்தரசியார். அவர் பெயர் பெயர்ப்பலகையில் இல்லை. வைப்புத்தொகையிலாவது அவர் பெயர் சேர்ந்திருக்கட்டும்.

மறுநாள் காலை

நாற்பது ஆண்டுகள் விடியற்காலையில் சாவியோடு புறப்பட்டவருக்கு, சாவியில்லாத முதல் காலை கடினமானது. சிலர் வீட்டிலேயே முதலாளியாகிவிடுகின்றனர். சமையலறை அலமாரியைக் கடை அலமாரியைப்போல் ஆராயத் தொடங்குகின்றனர். மனைவியர் படும் பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓய்வுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

விவிலியத்தின் எண்ணிக்கை நூலில், எட்டாம் அதிகாரத்தில், இதற்கு ஓர் அழகிய வழி உள்ளது. லேவியர் இருபத்தைந்து வயதில் திருக்கூடாரப் பணியில் சேர்ந்து, ஐம்பது வயதில் அப்பணியினின்று ஓய்வுபெற வேண்டும். அதன்பின் அவர்கள் பணிச்சுமையை ஏற்கலாகாது. ஆனால் தம் சகோதரருக்குத் துணைநிற்கலாம். சுமை இறக்கப்பட்டது, தோழமை நீக்கப்படவில்லை. கடையை விட்டவரும் அவ்வாறே புதிதாய்த் தொழில் தொடங்கும் இளைஞனுக்குக் கணக்கெழுதக் கற்றுத் தரலாம். வின்சென்ட் தே பால் சபையின் கணக்கைப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு மனக்கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இறுதியாக ஒன்று. கடை மூடும் நாளையும் ஒரு விழாவாக்குங்கள். வேலையாட்களையும் பழைய வாடிக்கையாளர்களையும் அழையுங்கள். அனைவருக்கும் இனிப்பு வழங்குங்கள். திறந்த நாளில் மந்திரித்த அதே இடத்தில் நன்றி மன்றாட்டுச் சொல்லுங்கள். கடன் தீர்ந்து, கூலி கொடுத்து, தலைநிமிர்ந்து கதவைப் பூட்டுபவர் எதையும் இழந்தவர் அல்லர். அவர் தம் மக்களுக்கு விட்டுச் செல்வது ஒரு நற்பெயர். அதற்கு வரியும் இல்லை, வாரிசுப் பூசலும் இல்லை.