சூதும் கணக்கும்

நளன் கதையைத் தமிழர் புகழேந்தியின் நளவெண்பா வாயிலாகவும் அதிவீரராம பாண்டியரின் நைடதம் வாயிலாகவும் நன்கறிவர். புட்கரனோடு சூதாடி நாடிழந்தவன் நளன். பின்னாளில் அவன் இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேரோட்டிச் சென்றபொழுது, வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் அவ்வரசன் பார்த்த அளவிலேயே எண்ணிக் கூறினான் என்கிறது மகாபாரதம். நளன் மரத்தை வீழ்த்தி எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாக இருந்தது. தன் பரிநூல் அறிவைக் கொடுத்து அரசனிடமிருந்து சூதின் நுட்பத்தை அவன் பெற்றுக்கொண்டான். எண்ணும் கலையும் சூதின் நுட்பமும் ஒருவனிடமே இருந்தன என்பது கருதத்தக்கது. முதல் ஆட்டத்தில் நளனிடம் துணிவு இருந்தது, கணக்கு இல்லை.

இக்காலத்தில் போக்கர் என்னும் சீட்டாட்டம் கைப்பேசி வழியே இளைஞரிடம் வந்து சேர்ந்துள்ளது. அதனைப் புதிதாகக் கற்போர் முதலில் அறிய வேண்டுவது, எந்தக் கையோடு இறங்குவது, எதனைக் கீழே வைப்பது என்பதாகும்.

டெக்சஸ் ஹோல்டெம் என்னும் வகையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் முதலில் மூன்றும், அடுத்து ஒவ்வொன்றாக இரண்டும் ஆக ஐந்து சீட்டுகள் அனைவர்க்கும் பொதுவாக விரிக்கப்படும். இவ்வேழில் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. தொடர விரும்பாதவர் கையைக் கீழே வைத்துவிடலாம்.

52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்கும் வழிகள் 1,326. அவற்றுள் இணைச் சீட்டுகள் 78. அதாவது 17 கைகளில் ஒன்று. இரண்டு ஆஸ்கள் சேர்வது 221 கைகளில் ஒருமுறைதான். எனவே வரும் கைகளிற் பெரும்பாலானவை எளியனவே. அவற்றை வைத்துவிடும் பொறுமையே முதற்பாடம்.

புதியவரை ஏமாற்றும் கைகள் இரண்டு. முதலாவது, இஸ்பேடோ ஆடுதனோ, ஒரே இனத்தில் இரண்டு சீட்டு வருவது. ஐந்தும் ஒரே இனமானால் வலிய கை என்பது உண்மை. ஆயினும் முதல் மூன்று பொதுச் சீட்டிலேயே அது நிறைவேறுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இரண்டாவது, ஆஸுடன் சிறு சீட்டு வருவது. எதிரியிடம் ஆஸும் ராஜாவும் இருப்பின், பொதுவில் இன்னோர் ஆஸ் விழுந்தாலும் இருவர்க்கும் அது சமமாகும். பெரும்பாலும் துணைச் சீட்டே வெற்றியைத் தீர்மானிக்கும். அத்தகைய மோதலில் நான்கில் ஏறத்தாழ மூன்று முறை சிறு சீட்டுக்காரர் தோற்பார்.

கையின் மதிப்பு தனித்து நிற்பதன்று. இரண்டு ஆஸ்கள் கூட, ஒருவரை எதிர்த்தால் நூற்றுக்கு 85 முறை வெல்லும். ஒன்பது பேர் இறுதிவரை நின்றால் ஏறத்தாழ 31 முறையே வெல்லும். மேலும், முதலில் முடிவு சொல்ல வேண்டியவர் பிறர் எண்ணத்தை அறியார். கடைசியில் சொல்பவர் அறிவார். ஆகவே முன்னிடத்தில் இருப்பவர்க்கு இன்னும் வலிய கை வேண்டும்.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. பதின்மூன்று சீட்டு ரம்மியில் கை சரியில்லையெனத் தொடக்கத்திலேயே ஸ்கூட் விடுபவர்க்கு 20 புள்ளி, நடுவில் விடுபவர்க்கு 40, இறுதிவரை நின்று தோற்பவர்க்கு 80 வரை என்பது வழக்கம். காலத்தில் விலகுவதற்கும் காலங்கடந்து விலகுவதற்கும் உள்ள வேறுபாடு அதிலேயே விளங்கும்.

இத்தேர்ச்சி உண்மையாயிருத்தலால்தான் நீதிமன்றங்கள் இவ்வாட்டங்களைத் திறமையாட்டம் என்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 1968இல் ரம்மியைப் பற்றி அவ்வாறு கூறியது. சென்னை உயர் நீதிமன்றமும் 2023இல், இணைய சூதாட்டத்தைத் தடை செய்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் அட்டவணையிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கிற்று. ஆனால் 2025இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை, வாய்ப்பு என்னும் வேறுபாடு பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்தது.

திறமை என்ற சொல்லை ஆசிரியர்கள் மாணவர்க்கு நன்கு விளக்குதல் வேண்டும். வாய்ப்பு மட்டும் ஆளும் ஆட்டத்தில் புதியவரும் பழகியவரும் சமம். திறமை ஆளும் ஆட்டத்தில் புதியவரின் பணம் பழகியவரிடம் செல்லும். ஆதலால் அச்சொல் புதியவர்க்கு எச்சரிக்கையாகும். இருவரும் சம திறமையர் எனினும், ஆட்டத்தை நடத்துவோர் பந்தயத் தொகையிலிருந்து தம் பங்கை எடுத்துக்கொள்ள, இருவருமே காலப்போக்கில் இழப்பர்.

பினாங்கின் வரலாறும் இதனைக் காட்டும். பிரான்சிஸ் லைட் 1786இல் இங்குக் குடியேற்றம் நிறுவிய பின், தொடக்க ஆண்டுகளிலேயே சூதாட்ட உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரர் கும்பினிக்குப் பணம் செலுத்தி, அதனை ஆடுவோரிடமிருந்து ஈட்டினார். அரசின் வருவாய்க்கும் குத்தகைக்காரரின் ஊதியத்திற்கும் ஊற்று ஆடியவரின் மடியே.

1,326 என்னும் கணக்கை வகுப்பில் காசில்லாமல், கரும்பலகையில் செய்து காட்டலாம். தெரிந்து செயல்வகையை 47ஆம் அதிகாரமாகவும் சூதை 94ஆம் அதிகாரமாகவும் வள்ளுவர் பொருட்பாலிலேயே வைத்தார். கைக்கு வந்த இரண்டு சீட்டை ஆராய்வதற்கு முன், அமரப்போகும் மேசையை ஆராய்தல் வேண்டும்.