ஆறு அடித் தண்ணீருக்கு இரண்டு பாடங்கள்

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா என்று தமிழ்நாடும் கேரளமும் ஆண்டுக்கணக்காக வழக்காடின. ஆறு அடிதானே என்று தோன்றும். உயரத்தில் அது நாலரை சதவீதம்கூட இல்லை. ஆனால் ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடுகிறது. சுவரைத் தள்ளும் மொத்த விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. எனவே அது 9 சதவீதம் ஏறிவிடும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால் ஏறத்தாழ 14 சதவீதம் ஏறும். நீர்மட்ட அளவையே ஆழமாகக் கொண்டு, சுவரைச் செங்குத்தாக வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு மாணவி ஒரே பக்கத்தில் போட்டுவிடுவாள். பழைய அணையின் மேல் கான்கிரீட் பாரம் ஏற்றியதும், இரும்புக் கம்பிகளை இறக்கி அடிப்பாறையோடு பிணைத்ததும் எதற்காக என்பதும் அவளுக்கு உடனே விளங்கும்.

அந்தக் கணக்கு மட்டும் வழக்கை முடிக்கவில்லை. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் சொன்னது. அடுத்த சில வாரங்களில் கேரளச் சட்டமன்றம் 136 அடிதான் உச்சவரம்பு என்று சட்டத்தைத் திருத்தியது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. இரு தரப்பையும் விசாரித்து, உண்மை நிலையை ஆராய்ந்து நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, ஒரு தரப்பின் சட்டமன்றம் சட்டம் போட்டு அழிக்க முடியாது. அரசியல் அறிவியல் வகுப்பில் அதிகாரப் பிரிவினை என்று முதல் பருவத்திலேயே வரும் பாடம்.

மதுரைச் சமவெளி இந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதான கால்வாயை நம்பி நாற்று நடுகிற வீடுகளின் பிள்ளைகள்தான் அமெரிக்கன் கல்லூரியிலும் மதுரைக் கல்லூரியிலும் தியாகராசர், லேடி டோக், பாத்திமா கல்லூரிகளிலும் வந்து சேர்கிறார்கள். அவர்களில் இந்த இரண்டு பாடத்தையும் சேர்த்துப் படிப்பவர் ஒருவரும் இல்லை என்றே சொல்லலாம். இயற்பியல் மேஜர் எடுத்தால் அலைட் பாடம் கணிதம், வேதியியல். அரசியல் எடுத்தால் வரலாறு, பொருளியல், பொது நிர்வாகம். பிளஸ் ஒன்னில் எடுத்த குரூப் எதுவோ, அந்தப் பக்கம்தான் வாழ்நாள் முழுக்க.

இந்தப் பிரிவினைக்கு நாம் கொடுத்த விலையை நியூட்ரினோ விவகாரத்தில் பார்த்தேன். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம், மதுரையை அடுத்த வடபழஞ்சியில் அதற்கான உயர் ஆற்றல் இயற்பியல் மையம் என்பது திட்டம். சுமார் 1,500 கோடி ரூபாயில் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மார்ச்சிலேயே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தவர் வைகோ.

அப்போது ஊர் ஊராகப் பரவிய பயம், நியூட்ரினோக் கதிர் வீச்சு பயிரையும் உயிரையும் பாதிக்கும் என்பது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் உடம்பைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கின்றன. இரவில் பூமியையே துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வருகின்றன. ஆய்வகம் இவற்றை உண்டாக்கப் போவதில்லை, பதிவு செய்யப் போகிறது. மலை எதற்கென்றால், வானிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழும் மியூவான் என்னும் மின்துகள்களைத் தடுக்க. 50,000 டன் காந்த இரும்பு எதற்கென்றால், நியூட்ரினோ மோதலில் பிறக்கும் மியூவான் இடப்புறம் வளைகிறதா வலப்புறமா என்று பார்த்து அதன் மின்னூட்டத்தை அறிய. காந்தப் புலத்தில் மின்துகள் வளையும் என்பது முதலாண்டுப் பாடத்துக்கு மேல் போகாத செய்தி. 85 டன்னில் இதன் சிறு மாதிரி மதுரையிலேயே 2018 முதல் இயங்கியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான மேடைகளில் இதில் ஒரு வரிகூடப் பேசப்படவில்லை.

விஞ்ஞானிகள் தரப்பின் குறை இதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். துகள் ஆபத்தற்றது என்று நிரூபித்தால் பேச்சு முடிந்தது என்று அவர்கள் நம்பினார்கள். ஊர்க்காரர்கள் கேட்டதோ பாறை வெடிப்பு பற்றி, நீரோட்டம் பற்றி, தங்களை யார் கேட்டார்கள் என்பது பற்றி. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் துகள் அல்ல. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் மாநில எல்லையும் ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தும் திட்டம் உரிய பிரிவில் பரிசீலிக்கப்படவில்லை. தாக்க அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரமும் இல்லை. அணுசக்தி மத்தியப் பட்டியலில் இருக்கிறது, நிலம் மாநிலப் பட்டியலில். காடு 1976-இன் 42-ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போனது. அதே திருத்தத்தில் கல்வியும் போனது. இந்த மூன்று பட்டியலை ஒரு பருவம் படித்த இயற்பியலாளர், மலையடிவார ஊருக்கு முதல் நாள் போகும்போதே வேறு விதமாகப் பேசியிருப்பார். 2022-இல் இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டது. இங்கே அறிய நினைத்த நியூட்ரினோ நிறைகளின் வரிசையைத் தேடி, சீனத்தின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

அரசியல் மதுரை மாணவர்களுக்கு அந்நியமானதல்ல. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், 1965 ஜனவரி 25 அன்று மாணவர்களான காளிமுத்துவும் நா. காமராசனும் கொளுத்தியது அரசியல் சட்டத்தில் ஆட்சிமொழி பற்றிய 17-ஆம் பகுதியை. எந்தப் பகுதி என்று தெரிந்தே கொளுத்தினார்கள். அதே ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை இந்திய இயற்பியலாளர்களும் அவர்களுடன் சேர்ந்து உழைத்த வெளிநாட்டவரும் உலகில் முதன்முதலாகக் கண்டவர்களுள் இடம்பெற்றார்கள். இரண்டு செய்தியையும் ஒரே வகுப்பில் சொல்ல ஏன் இடமில்லை?

இடம் இருக்கிறது. பட்டப்படிப்பின் பகுதி நான்கில் பிற துறை விருப்பப்பாடம், மாணவர் வாயில் என்.எம்.இ., வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஏற்கெனவே உண்டு. பல இடங்களில் எளிதாக மார்க் வாங்க உதவும் தாளாகத்தான் அது கிடக்கிறது. அதை இயற்பியல் ஆசிரியரும் அரசியல் ஆசிரியரும் ஒரே அறையில் நின்று நடத்தட்டும்: அணை, நியூட்ரினோ, மின்வாரியக் கட்டணம், தேர்தல் எந்திரம். அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக்கும் 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டக் குழுவைக் கூட்டித் தாங்களே முடிவெடுக்கலாம். தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டியிருக்கும். சிக்கல் ஒன்றே ஒன்று: இருவர் சேர்ந்து எடுக்கும் ஒரு மணி நேரம் பணிச்சுமைக் கணக்கில் ஆளுக்கு அரை மணியாகக் குறைந்துவிடக் கூடாது. இருவருக்கும் முழு மணியாகவே எழுத வேண்டும்.