தள்ளுவண்டிக்கும் ஒரு கணக்கு

தெருவோர வணிகரின் அன்றாட வரவுக்கு எழுத்துச் சான்று இருப்பதில்லை. அதனாலேயே பலர் வங்கிக் கடன் கிட்டாமல் கந்துவட்டியை நாடினர். 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் இவர்களுக்குப் பிணையற்ற கடனுக்கு வழிவகுத்தது. இன்று முதல் கடன் ரூ.15,000 வரை, முறையாகத் திருப்பிச் செலுத்துவோருக்கு அடுத்து ரூ.25,000, பின்னர் ரூ.50,000 வரை கிடைக்கும்.

கியூஆர் அட்டை வழியே பெறும் ஒவ்வொரு ரூபாயும் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. அப்பதிவு வணிகத்தின் அளவை எங்களுக்குக் காட்டுகிறது. கடனைப் பரிசீலிக்க உதவுகிறது.

ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம்: பணம் அனுப்புவதற்கே யுபிஐ ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. 'பணம் வர எண்ணை இடுங்கள்' என்பவரை நம்பாதீர்கள்.