அரிவாளாக வளையும் ரத்த அணு!

பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பு அணுவின் வியப்பான கதை

1904-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் கடுங்குளிர். அங்குள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு 20 வயது வாலிபர் ஒருவர் வந்தார். அவர் பெயர் வால்டர் கிளமென்ட் நோயல். மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான கிரனடாவைச் சேர்ந்தவர். பல் வைத்தியம் படிப்பதற்காகக் கப்பல் ஏறி வந்த மாணவர்.

அவருக்கு இருமல். காய்ச்சல். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. காலில் ஆறிய புண்களின் தழும்புகள் இருந்தன.

பயிற்சி டாக்டர் எர்னஸ்ட் அயன்ஸ் அவருடைய ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் திகைத்துப் போனார்.

ரத்த அணுக்கள் உருண்டையாக அல்லவா இருக்க வேண்டும்? இவருடைய ரத்தத்தில் பல அணுக்கள் நீண்டு, வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல இருந்தன!

பெரிய டாக்டரான ஜேம்ஸ் ஹெரிக்கும் அதைப் பார்த்தார். அவர் பல ஆண்டுகள் யோசித்து, 1910-ம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வைத்திய உலகம் இந்த நோயை அறிந்தது அப்போதுதான். ஆனால் ஆப்பிரிக்க மக்கள் அதற்கு வெகு காலம் முன்பே இந்த நோயால் பிள்ளைகளைப் பறிகொடுத்து அழுதிருக்கிறார்கள்.

ஓர் அணு வளைந்தால் என்ன? அதனால் ஒரு மனிதன் நோயாளி ஆவானா?

இதைத் தெரிந்துகொள்ள, முதலில் நல்ல அணு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உயிருள்ள சிறு வீடு

வீடு செங்கற்களால் ஆனது. நம் உடல் செல்களால் ஆனது. இந்தச் செல்லைத்தான் உயிரணு என்று சொல்கிறோம்.

ஆனால் செங்கல்லுக்கு உயிர் இல்லை. செல்லுக்கு உயிர் உண்டு. அது உண்கிறது, உழைக்கிறது, கழிவை வெளியே தள்ளுகிறது.

ஒரு செல்லை ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் சுவர், அதுவேதான் வாசற்படி. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததைத் தடுக்கும்.

நடுவில் உட்கரு இருக்கிறது. வீட்டுப் பெரியவரைப் போல! என்னென்ன பொருள் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இந்தக் குறிப்புகளுக்கு ஜீன்கள் என்று பெயர். பாதிக் குறிப்புகள் தாயிடம் இருந்து வந்தவை. பாதி, தகப்பனிடம் இருந்து வந்தவை.

அடுப்பும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னஞ்சிறு உறுப்புகள் உணவை எரித்துச் சக்தி தருகின்றன.

எல்லாவற்றையும் துறந்த அணு

இப்போது ரத்தத்தில் ஓடும் சிவப்பு அணுவைப் பாருங்கள். அது ஒரு விசித்திரமான செல்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் அது பிறக்கிறது. பிறக்கும்போது அதற்கும் உட்கரு உண்டு. ஆனால் ரத்தத்தில் இறங்குவதற்கு முன்பு அந்த உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது! பிறகு அடுப்பையும் ஒழித்துவிடுகிறது!

ஏன் தெரியுமா? சுமை ஏற்ற இடம் வேண்டும் என்பதற்காக!

பிராணவாயுவைச் சுமப்பதுதான் அதன் வேலை. அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள ஹீமோகுளோபின் என்ற பொருள் அதற்குள் நிறைந்திருக்கிறது. ஒரு சிவப்பு அணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. அதில் உள்ள இரும்புச் சத்தால்தான் ரத்தம் சிவப்பாக இருக்கிறது.

சிவப்பு அணுவின் உருவம் எப்படி? ஓட்டை போட மறந்த உளுந்து வடையைப் போல! இரண்டு பக்கமும் நடுவில் குழிந்திருக்கும். 130 அணுக்களை வரிசையாக அடுக்கினால்தான் 1 மில்லி மீட்டர் நீளம் வரும்.

ஊசி முனையில் நிற்கும் ரத்தத்தில்கூட அவை லட்சக்கணக்கில் இருக்கும். நம் உடல் முழுவதும் சுமார் 25 லட்சம் கோடி சிவப்பு அணுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சுவாசப்பையில் அது பிராணவாயுவை ஏற்றிக்கொள்கிறது. உடல் எங்கும் சென்று இறக்குகிறது. மறுபடியும் சுவாசப்பைக்குத் திரும்புகிறது. இப்படி ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது.

வழியில் மிகக் குறுகலான சந்துகள் உண்டு. சில ரத்தக் குழாய்கள் அந்த அணுவைவிடக் குறுகலானவை! அங்கே அது உடம்பை வளைத்து, நெளித்து, நுழைந்து வெளியே வந்துவிடும். வந்ததும் பழைய உருவத்தை அடைந்துவிடும்.

இப்படி 120 நாள் உழைக்கிறது. பிறகு உடல் அதைப் பிரித்து, இரும்புச் சத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. அந்த இரும்பு புது அணுவுக்குப் பயன்படும். நம் மஜ்ஜையில் வினாடிக்கு 20 லட்சம் புது அணுக்கள் பிறக்கின்றன. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி பிறந்திருக்கும்!

மாலையில் ஒரு பூ மாறியது

இனி, வளைந்த அணுவுக்கு வருவோம்.

1949-ம் ஆண்டில் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். குற்றம் அணுவின் சவ்வில் இல்லை. உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள்.

அது என்ன குற்றம்? சில ஆண்டுகளில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் வெர்னான் இங்ரம் என்பவர் அதைக் கண்டுபிடித்தார்.

ஹீமோகுளோபின் என்பது 4 சரங்கள் சேர்ந்த மாலை. அவற்றில் ஒரே மாதிரியான 2 சரங்களில், சரத்துக்கு 146 பூக்கள். அந்தப் பூக்களுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். நோயாளியின் சரத்தில் 6-வது பூ மட்டும் மாறி இருந்தது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது.

146-ல் ஒன்று! அவ்வளவுதான்!

ஆனால் அந்த ஒன்று போதும். பிராணவாயுவை இறக்கி வைத்ததும், மாறிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. நீண்ட கம்பிகளாகி, அணுவை உள்ளே இருந்து குத்தி நீட்டுகின்றன. வடை போன்ற அணு அரிவாளாகிவிடுகிறது.

பிராணவாயு கிடைத்ததும் முதலில் அது நிமிர்ந்துகொள்ளும். பல முறை வளைந்து வளைந்து, கடைசியில் நிமிரவே முடியாமல் போய்விடும்.

விறைத்துப்போன அணு குறுகலான சந்தில் நுழையுமா? நுழையாது. அங்கேயே அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் அணுக்களும் நிற்கும். ரத்தம் போகாத இடத்தில் தாங்க முடியாத வலி உண்டாகும். எலும்பு வலிக்கும். மார்பு வலிக்கும். மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதமே வரலாம்.

அந்த அணுக்களுக்கு ஆயுளும் குறைவு. 120 நாள் வாழ வேண்டியவை 10 அல்லது 20 நாளில் உடைந்து போகின்றன. அதனால் ரத்தசோகை, கண்ணில் மஞ்சள் நிறம்.

நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பினார். பல் டாக்டராகத் தொழில் செய்தார். 1916-ம் ஆண்டில், 32 வயதில் இறந்துபோனார்.

நீலகிரியிலும்!

இது எங்கோ இருக்கும் நோய் என்று நினைக்காதீர்கள்.

1952-ம் ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இந்த அணு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். மத்தியப் பிரதேசம், ஒடிசா, குஜராத், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களின் மலைவாழ் மக்களிடமும் இது இருக்கிறது.

இவ்வளவு பொல்லாத நோய் ஏன் அழியாமல் நிற்கிறது?

1954-ம் ஆண்டில் அந்தோணி ஆலிசன் என்ற டாக்டர் அதற்கு விடை சொன்னார். காரணம், மலேரியா!

தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் இருந்து மட்டும் இந்த ஜீன் வந்தால், பிள்ளைக்குப் பெரும்பாலும் நோய் வராது. அந்தப் பிள்ளை ஜீனைச் சுமப்பவர் மட்டுமே. அப்படிச் சுமப்பவர்களைக் கொடிய மலேரியா எளிதில் கொல்ல முடிவதில்லை! கொசு மிகுந்த காடுகளில் மற்றக் குழந்தைகள் மாண்டபோது இவர்கள் பிழைத்தார்கள். அவர்களோடு அந்த ஜீனும் பிழைத்தது.

ஆகவே இது பாவமும் அல்ல, சாபமும் அல்ல, குல தெய்வத்தின் கோபமும் அல்ல. தொற்று நோயும் அல்ல.

கல்யாணத்துக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

ஆனால் ஜீனைச் சுமக்கும் இருவர் மணம் செய்துகொண்டால் என்ன ஆகும்?

பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், நோய் வருவதற்கு 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. சுமப்பவராகப் பிறக்க 4-ல் 2 பங்கு. ஒன்றும் இல்லாமல் பிறக்க 4-ல் 1 பங்கு.

“முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது” என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் அதே 4-ல் 1 பங்குதான்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும். 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்திய அரசு இதற்கென ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. மலைவாழ் மக்கள் பகுதிகளில் 7 கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், 2047-ம் ஆண்டுக்குள் இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சோதனையில் “சுமப்பவர்” என்று தெரிந்தால் பெண்ணையோ, பையனையோ ஒதுக்கக்கூடாது. அவர்கள் நோயாளிகள் அல்ல. வாழ்க்கைத் துணையாக வருபவரையும் சோதித்துக்கொண்டு, டாக்டரின் யோசனையைக் கேட்டால் போதும்.

குழந்தைக்கு அடிக்கடி கை, கால் வீங்கி வலிக்கிறதா? கண் மஞ்சளாகிறதா? ரத்தசோகை தீராமல் இருக்கிறதா? டாக்டரிடம் காட்டுங்கள். எல்லா ரத்தசோகையும் இரும்புச் சத்து குறைவதால் மட்டும் வருவது அல்ல.

தாயின் வயிற்றில் இருக்கும் வழி

இப்போது மருந்து உண்டா? உண்டு.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது. அதற்கு இந்தக் குற்றம் கிடையாது. அதனால்தான் பிறந்து சில மாதங்கள் வரை நோய் தலைகாட்டுவதில்லை. பிறகு அந்த நல்ல ஹீமோகுளோபின் குறைந்து போகிறது.

அதை மறுபடியும் பெருகச் செய்தால்? ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை ஓரளவு அதைத்தான் செய்கிறது. வலி வருவது குறைகிறது. பொருத்தமான மஜ்ஜை கிடைத்தால், அதை மாற்றி வைத்து நோயைத் தீர்க்கவும் முடிகிறது.

2023-ம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு புதிய சிகிச்சைக்கு அனுமதி அளித்தன. நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுக்கிறார்கள். அவற்றின் ஜீனில் ஓர் இடத்தை வெட்டித் திருத்துகிறார்கள். பிறகு உடலுக்குள்ளேயே செலுத்துகிறார்கள். நின்றுபோன குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் மீண்டும் ஊறுகிறது!

ஆனால் அமெரிக்காவில் அதற்கு நிர்ணயித்த விலை 22 லட்சம் டாலர். மலை உச்சியில் குடிசையில் இருக்கும் குழந்தைக்கு அது எப்போது எட்டும்? விஞ்ஞானிகள் மட்டும் அல்ல, அரசுகளும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அதுவரை, நம் கையில் இருப்பது ஒரு சொட்டு ரத்தம். விரல் நுனியில் ஊசி குத்தும் வலி ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி, பிறக்கப் போகும் ஒரு குழந்தையை வாழ்நாள் முழுவதும் வலியில் இருந்து காப்பாற்றலாம்!