பிஎச்.டி. ஐந்து வருஷம், நாய் பன்னிரண்டு வருஷம்

1978-ல் 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் மெடிசின்' இதழில் நோய் எதிர்ப்பாற்றல் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பாலி மட்ஸிங்கர், கலாட்ரியல் மிர்க்வுட். முதலாமவர் அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பிஎச்.டி. மாணவி. இரண்டாமவர் அவருடைய ஆஃப்கன் ஹவுண்ட் நாய்! பெயர் டோல்கீன் கதைகளிலிருந்து எடுத்தது. 'செய்யப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் எழுத மட்ஸிங்கருக்குப் பிடிக்கவில்லை, தனியாக 'நான்' என்று எழுதவும் தயக்கம். 'நாங்கள்' என்று எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எல்லாரும் சிரிச்சுட்டுக் கடந்துபோற கதை இது. எனக்கு வந்த கேள்வி வேற: மூச்சுவிட நேரமில்லாத படிப்புக்கு நடுவில் நாய் வளர்க்க முடியுமா?

முதலில் நேரக் கணக்கு. வளர்ந்த நாய்க்கு நடை, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு மணி நேரம். எவ்வளவு கடுமையான படிப்பிலும் இதைத் தேத்திடலாம். சிக்கல், அது *எந்த* இரண்டு மணி நேரம் என்பதில்தான். ஆய்வகச் சோதனை ராத்திரி பதினொன்று வரை இழுக்கும். நாயோ ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே போயாகணும். எங்க மென்பொருள் பாஷையில் சொன்னால், நாய் ஒரு மாஸ்க் பண்ண முடியாத இன்டரப்ட். 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவைக்க முடியாது.

குட்டி என்றால் இன்னும் கஷ்டம். மூன்று மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. நான்கு மாதம் ஆகும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறை தடுப்பூசி வேறு. பாடங்களும் தகுதித் தேர்வும் நெரிக்கிற முதல் இரண்டு வருஷத்தில் குட்டி வேண்டாம். காப்பகத்தில் இருந்து இரண்டு மூன்று வயசான, வீட்டுப் பழக்கம் தெரிந்த நாயை எடுப்பது எவ்வளவோ மேல்.

துறையும் முக்கியம். கணினி அறிவியல், கணிதம் என்றால் வீட்டிலிருந்தே பாதி வேலை நடக்கும். செல் வளர்க்கிற உயிரியல் ஆய்வகம், மாதக்கணக்கில் களப்பணி என்றால் இன்னொருவர் துணை இல்லாமல் நடக்காது.

பணம்? அமெரிக்காவில் வாடகை வீட்டுக்காரர்கள் பலர் நாய்க்குத் தனி டெபாசிட்டும் மாத வாடகையும் கேட்பார்கள். வளாக விடுதிகள் பெரும்பாலும் அனுமதிக்காது. உதவித்தொகையில் வாழ்கிறவருக்கு ஒரு அறுவைசிகிச்சை பில் போதும், பட்ஜெட் காலி.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்க பிஎச்.டி. ஐந்து ஆறு வருஷம். நாய் பத்திலிருந்து பதின்மூன்று வருஷம் வாழும். அதாவது, பட்டம் வாங்கும்போது உங்க நாய்க்குப் பாதி ஆயுள் பாக்கி இருக்கும். அதற்குப்பின் போஸ்ட்டாக் ஒரு ஊர், வேலை இன்னொரு நாடு. அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாயைக் கொண்டுபோகணும் என்றால், வெறிநோய் எதிர்ப்புச் சக்திக்கான ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு குறைந்தது 180 நாள் காத்திருக்கணும், இறங்கியதும் தனிமைப்படுத்தல் வேறு. பக் மாதிரி தட்டை மூக்கு இனங்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்குப் பகுதியில் ஏற்றவே மாட்டார்கள். வேலைக் கடிதமோ 'அடுத்த மாதம் வந்து சேருங்கள்' என்று சொல்லும். நாய் கைவிடப்படுவது பெரும்பாலும் படிப்பின்போது இல்லை, இந்த இடைவெளியில்தான் என்பது என் ஊகம்.

மறுபக்கமும் உண்டு. பிஎச்.டி.க்கு வேலை நேரம் முடிந்தது என்று சொல்ல மணி அடிக்கிற ஆள் கிடையாது. நாய் அடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து நடக்கவைக்கும். சோதனை தோற்ற நாளிலும் அதே வாலாட்டல்தான்.

ஆகவே, 'எனக்கு நேரம் இருக்கிறதா?' என்று கேட்காதீங்க. இரண்டு கேள்வி கேளுங்க. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் நாயைப் பார்த்துக்கொள்ள ஓடிவர இரண்டு பேர் இருக்கிறார்களா? நாயைக் கொண்டுபோக முடியாத ஊரில் நல்ல வேலை கிடைத்தால், வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இரண்டாவதுக்குப் பதில் தெரியாமல் குட்டியைத் தூக்கிவராதீங்க.