தொலைக்காட்சியோடு இணைந்த பழைய விளையாட்டுப் பொறிகள்

சிறுவர் விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட பொருளைப் பெரியோர் பொருட்படுத்துவதில்லை. அது பழுதானால் பரணில் போடுவர். பின்னர்ப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுவர். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய பழைய வீடியோ கேம் பொறிகளுக்கும் இக்கதியே நேர்ந்தது. ஆயினும், சிறிய முதலைக் கொண்டு பெரிய பயனை விளைவித்த அறிவுத்திறன் அவற்றில் அடங்கிக் கிடக்கிறது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வகைப் பொறிகளுள் முதலாவதாக வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தது, 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான மேக்னவாக்ஸ் ஒடிஸி. ரால்ஃப் பேயர் என்னும் பொறியியலாளர் அதற்கு அடிகோலினார். சில வெண்புள்ளிகளையும் ஒரு கோட்டையுமே அது திரையில் காட்டியது. மைதானமும் மாளிகையும் வேண்டுமாயின், படம் அச்சிட்ட கண்ணாடித்தாளைத் திரைமீது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

1977-இல் வந்த அட்டாரி பொறியின் செயல் நினைவகம் 128 பைட்டுகளே. இன்றைய கணினியில் தமிழில் ஒரு நீண்ட வாக்கியத்தை எழுதினால் அதற்கே அவ்விடம் போதாது. ஒரு முழுப் படத்தை அதில் எங்ஙனம் சேமிப்பது? சேமிக்கவில்லை என்பதே விடை. பிக்சர் டியூபில் மின்கதிர் கோடு கோடாக ஓடித் திரையை நிரப்புகிறது. ஒவ்வொரு கோட்டிலும் எது தோன்றவேண்டும் என்பதை, கதிர் அவ்விடத்தை அடையுமுன் நிரல் பொறிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கணமேனும் பிந்தினால் படம் சிதைந்துவிடும்.

ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1983-இல் ஃபேமிகாம் என்னும் பொறியை வெளியிட்டது. அதற்கென 1985-இல் வந்த புகழ்பெற்ற ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டம் முழுவதும் ஏறத்தாழ 40 கிலோபைட்டில் அடங்கியது. வானத்து மேகத்துக்கு வரைந்த உருவத்தையே, நிறத்தை மட்டும் மாற்றித் தரையில் புதராக வைத்தனர். இடம் மிச்சம், கண்ணுக்கும் குறையில்லை.

இப்பொறியைப் பின்பற்றிச் செய்த போலிகள் 1990-களில் நம் நாட்டுக் கடைவீதிகளிலும் மலிந்தன. ஆட்டம் பதிந்த பெட்டியை நம்மவர் ‘கேசட்’ என்றே வழங்கினர். நினைவகம் சிறிதாகையால் அவ்வாட்டங்களில் சொற்களும் குறைவு. அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்ச் சிறுவர், அண்டை வீட்டாரின் மொழியைக் கற்றுக்கொள்ளுமுன்னரே அவ்வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து ஆட முடிந்தது.

இனி, இவை அழியும் விதத்தைக் காண்போம். கேசட், பொறி, பழைய தொலைக்காட்சி ஆகிய மூன்றும் கூடியதே அன்றைய ஆட்டம். வாத்து சுடும் ஆட்டத்தில், துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் வெண்கட்டம் ஒளிரும். அவ்வொளியைத் துப்பாக்கியிலுள்ள உணர்கருவி கண்டால் குறி தப்பவில்லை என்பது பொருள். இக்காலத் தட்டைத் திரையோ படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. ஆதலின் அத்துப்பாக்கி அங்குப் பயன்படாது. சில கேசட்டுகளில், ஆடியவரின் முன்னேற்றத்தைக் காக்க ஒரு சிறு பாட்டரி உண்டு. அது தீர்ந்தால் அக்குறிப்பும் மறைந்துபோம்.

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு கடைகளில் கிடைப்பதில்லை என, வீடியோ கேம் வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விற்பனையில் இல்லாத நூலை நூலகத்திலேனும் தேடலாம். இவ்வாட்டங்களுக்கு அத்தகைய புகலிடம் மிகக் குறைவு.

ஆகவே பரணில் பழைய பொறி இருப்பின், அதனை எறியுமுன் சற்று நிதானியுங்கள். கேசட்டை வாயால் ஊதும் பழக்கம் வேண்டா; மூச்சின் ஈரம் உலோக முனைகளை அரிக்கும். ஊதியபின் ஆட்டம் ஓடியதற்குக் காரணம், கேசட்டை எடுத்து மீண்டும் செருகியமையே. ஈரமற்ற இடத்தில் வைத்து, அது எவ்வாறு இயங்கியது என்பதை இளையோருக்கு விளக்கிச் சொல்லுங்கள். குறைந்த பொருளில் நிறைவு கண்டவர்களின் கைத்திறனை அவர்களும் அறியட்டும்.